மூடியே இருந்த இரண்டு குழாய்கள்: மோட்டார் ஹோம் ஒன்றைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்த நிகழ்வு

பின்னணி

கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கோடையின் நடுவில், உள்ளேயே தங்கிச் சமைத்துக் குளிக்கும் வசதி கொண்ட பழைய மோட்டார் ஹோம் வண்டி ஒன்றை வாங்கினார்கள். மூன்று மாதம் நன்றாகச் சுற்றினார்கள். குளிர் தொடங்கும் முன் வண்டியை வீட்டருகே திறந்தவெளியில் நிறுத்திவிட்டு, குழாய்களில் நீர் உறையாமல் இருக்க வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். இந்த வண்டிகளின் நீர்க்குழாய் வேலை என் தொழில். அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் இதைப் பதிவு செய்கிறேன். இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது.

வண்டியின் அமைப்பு வழக்கமானதுதான். 150 லிட்டர் நன்னீர்த் தொட்டி, 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், 23 லிட்டர் வாட்டர் ஹீட்டர், நீர் ஹீட்டருக்குள் போகாமல் திருப்பிவிட மூன்று வால்வு கொண்ட பைபாஸ். குழாய்கள் எல்லாம் அரை அங்குல பெக்ஸ், அதாவது வளையக்கூடிய ஒருவகைப் பிளாஸ்டிக். குளிர்நீருக்கு நீலம், வெந்நீருக்குச் சிவப்பு. இணைப்புகள் பிளாஸ்டிக். சமையல் சின்க், வாஷ்பேசின், ஷவர், கழிப்பறை ஆகிய நான்கு இடங்களில் தண்ணீர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாவதாக ஓர் இடம் இருந்தது. வண்டியின் பின்பக்கவாட்டில், கால் கழுவவும் சேற்றை அலசவும் வைக்கும் வெளி ஷவர். பூட்டுப் போட்ட சின்ன மூடிக்குள் அது இருந்தது. விற்றவர் கொடுத்த சாவிக்கொத்தில் அந்தச் சாவி இல்லை. சைக்கிள் தாங்கியின் மடக்கிய கை மூடியைப் பாதி மறைத்திருந்தது. கோடை முழுவதும் யாரும் அதைத் திறக்கவில்லை. மின்சார இணைப்புக்கான பெட்டி என்றே கணவர் நினைத்திருந்தார்.

தண்ணீரை வடித்த பிறகு, ஆன்டிஃப்ரீஸ் என்ற உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களில் ஓட்டுவது வழக்கம். வேலைக்கு முந்தைய நாள் கணவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஆன்டிஃப்ரீஸ் மூணு கேன் வாங்கியிருக்கோம் அண்ணா, 11 லிட்டர் வரும். போதுமா?" என்று கேட்டார். "தாராளமாகப் போதும், இந்த அளவு வண்டிக்கு 8 லிட்டரே அதிகம்" என்றேன். ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அவர் கேட்டது அளவு, நான் சொன்னதும் அளவு. தண்ணீர் எத்தனை இடத்தில் வெளியே வருகிறது என்று நான் கேட்கவில்லை.

அன்று செய்தவை

அவர்கள் அரைகுறையாக வேலை செய்தவர்கள் அல்ல. படித்துவிட்டு, நிதானமாகத்தான் செய்தார்கள். ஹீட்டரை முந்தின இரவே அணைத்து ஆறவிட்டார்கள். காலையில் அழுத்த விடுவிப்பு வால்வைத் தூக்கி, உள்ளே அழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகே வடிகால் பிளக்கைக் கழற்றினார்கள். வெந்நீரோடும் அழுத்தத்தோடும் இருக்கும் ஹீட்டரின் பிளக்கைத் திருகினால் கை வெந்துவிடும் என்பதால் இந்த ஒழுங்கு முக்கியம். கழிவுநீர்த் தொட்டிகள் இரண்டையும் காலி செய்தார்கள். நன்னீர்த் தொட்டியை வடித்தார்கள். வண்டிக்கு அடியில் உள்ள இரண்டு வடிகால் திருகுகளைத் திறந்து, உள்ளே தெரிந்த குழாய்களையெல்லாம் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடி நிற்கும்வரை காத்திருந்தார்கள்.

வாங்கிய திரவமும் சரியானது. புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குடிநீர் ஓடும் குழாயில் அதை ஒருபோதும் விடக்கூடாது.

அடுத்து பம்பின் உறிஞ்சு குழாயைக் கேனுக்குள் விட்டு பம்பை ஓட்டினார்கள். சமையல் சின்க்கின் குளிர்நீர்க் குழாயில் ஒரு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பு வந்தது. வெந்நீர்ப் பக்கம் வரவில்லை. காற்றைத் துப்பிக்கொண்டே இருந்தது. முதல் கேன் தீர்ந்து இரண்டாவது பாதியானபோது, வெளியே நின்ற மனைவி கத்தினார்: ஹீட்டரின் வடிகால் துளையிலிருந்து இளஞ்சிவப்பு நீர் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

உடனே பம்பை நிறுத்தினார்கள். பைபாஸின் மூன்று வால்வுகளில் இரண்டைத்தான் திருப்பியிருந்தார்கள். ஹீட்டரிலிருந்து வெந்நீர் வெளியேறும் மூன்றாவது வால்வு வெப்பக்காப்புத் துணிக்குப் பின்னால் மறைந்திருந்தது. திரவம் பைபாஸ் வழியாக வெந்நீர்க் குழாய்க்குப் போய், அங்கிருந்து திறந்திருந்த அந்த வால்வு வழியாகக் காலி ஹீட்டருக்குள் இறங்கி வெளியேறியிருக்கிறது. தரையில் பார்த்த நிறத்தை வைத்து அவர்களே காரணத்தைப் பிடித்தார்கள். நல்ல கவனிப்பு. பிளக்கைத் திரும்பப் போட்டுவிட்டு ஓட்டியிருந்தால் மொத்தத் திரவமும் ஹீட்டருக்குள் சத்தமில்லாமல் போயிருக்கும்.

ஆனால் அந்த இழப்பு மீதி வேலையின் போக்கை மாற்றிவிட்டது. ஒன்றரை கேன்தான் மிஞ்சியது. மாலையும் நெருங்கிவிட்டது. வெந்நீர்ப் பக்கம், வாஷ்பேசின், ஷவர், கழிப்பறை என்று சிக்கனமாக ஓட்டினார்கள். நிறம் தெரிந்ததும் மூடினார்கள். சின்க்குக்கும் ஷவருக்கும் அடியில் உள்ள வளைகுழாய்களில் நிற்கும் நீரை மறக்காமல், கடைசிக் கேனின் அடியில் இருந்ததை அவற்றில் ஊற்றினார்கள். கேன் காலியானபோது இருட்டிவிட்டது. கணவர் தன் குறிப்பேட்டில் அன்று எழுதிய கடைசி வரியை எனக்குக் காட்டினார்: "எல்லாக் குழாயிலும் கலர் வந்துவிட்டது."

குளிர்காலம்

சொல்ல ஒன்றுமில்லை. சில வாரங்கள் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு நன்றாகக் கீழே இறங்கியது. வண்டிக்கு உறை போட்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தார்கள். எல்லாம் உலர்ந்து, ஒழுங்காக இருந்தது. உடைந்த குழாயில் பனிக்கட்டி இருக்கும்வரை அதுவே அடைப்பாக இருக்கும். அது உருகிய பின்னும், பம்ப் ஓடித் தள்ளாதவரை சொட்டுக்கு மேல் வெளியே வராது.

வசந்தத்தில் கண்டவை

தொட்டியை நிரப்பினார்கள். பம்பை ஓட்டினார்கள். நான்கு இடத்திலும் இளஞ்சிவப்பு வந்து, வெளுத்து, தெளிந்த நீர் வந்தது. குழாய்களை மூடியதும் பம்ப் நின்றது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்து, வார இறுதிப் பயணத்துக்காகத் தொட்டியை அப்படியே விட்டு, பம்ப் சுவிட்சையும் அணைக்காமல் விட்டார்கள்.

அன்றிரவு பொருள் எடுக்க உள்ளே போன மனைவி, யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்பதைக் கேட்டார். ஏறக்குறைய கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அது நடந்தது. பம்பின் அழுத்த சுவிட்ச் கெட்டுவிட்டது என்று கணவர் முடிவு செய்தார். மூன்றாம் நாள் பின்கட்டிலுக்கு அடியில் இருந்த பொருள் பெட்டியை இழுத்தபோது அதன் அடி நனைந்திருந்தது. தரைவிரிப்பைத் தூக்கினால், பிளைவுட் விளிம்பில் உப்பியிருந்தது. அப்போதுதான் என்னை அழைத்தார்கள். புதிய பம்ப் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார்கள்.

சோதனையும் அதன் காரணமும்

பம்பை மாற்ற வேண்டாம் என்பது என் முதல் முடிவு. குழாய்கள் மூடியிருக்கும்போது பம்ப் அடிக்கடி ஓடினால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு சரியாக மூடாமல் நீர் தொட்டிக்கே திரும்பலாம்; அல்லது வழியில் எங்காவது ஒழுகலாம். முதலாவதில் எதுவும் நனையாது. இங்கே தரை நனைந்திருந்தது.

இரண்டாவது முடிவு, தண்ணீரை வைத்துத் தேடக்கூடாது என்பது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மறுபடி மறுபடி பம்பை ஓட்டினால் ஏற்கெனவே ஊறிய மரம் இன்னும் ஊறும். எனவே தொட்டியையும் குழாய்களையும் முழுக்க வடித்தேன். வெளியிலிருந்து குழாய்நீரை இணைக்கும் வாயில் அடாப்டர் மாட்டி, சிறிய கம்ப்ரசரால் 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை, அதாவது ஏறக்குறைய 2 பார், காற்றை ஏற்றினேன். இந்தப் பம்புகள் பொதுவாக 40 முதல் 55 பி.எஸ்.ஐ. வரை தருபவை. சோதனைக்கு அதற்குக் கீழே நின்றால் நல்ல இணைப்புகளுக்குத் தீங்கு வராது. கம்ப்ரசரை நிறுத்தியதும் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் இறங்கத் தொடங்கியது; ஐந்து நிமிடத்தில் பாதிக்கும் கீழே போனது.

எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். பின்சுவர்ப் பலகைக்குப் பின்னால் மெல்லிய சீறல் கேட்டது. பலகையைக் கழற்றியபோது நீலமும் சிவப்புமாக இரண்டு குழாய்கள் தரையை ஒட்டி ஓடி, எல்போ என்ற முழங்கை வடிவ இணைப்பில் திரும்பி, சுவரில் மேலேறுவது தெரிந்தது. "இது எங்கே போகுது?" என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. வெளியே போய் சைக்கிள் தாங்கியை நகர்த்தி, மூடியின் பூட்டை நெம்பித் திறந்தோம். உள்ளே வெளி ஷவர். வெந்நீருக்கும் குளிர்நீருக்குமாகத் திறந்து மூடும் அதன் இரண்டு குழாய்களும் இறுக மூடியிருந்தன. அவற்றின் பிளாஸ்டிக் உடலில் பின்பக்கம் நீளமாக ஒரு வெடிப்பு. தரையை ஒட்டிய நீல எல்போவிலும் முடியளவு விரிசல். பெக்ஸ் குழாய்க்கு எதுவும் ஆகவில்லை. அது விரிந்து கொடுக்கும். பெரும்பாலும் இணைப்புகளும், திறந்து மூடும் குழாயின் உடலும்தான் உடையும்.

உடைந்தது எப்படி

வண்டியை முழுதாக வடித்த பிறகும் இந்தக் கிளையில் மட்டும் நீர் எப்படி நின்றது என்று அவர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி.

உறிஞ்சுகுழலில் தண்ணீர் இழுத்து, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் நீர் விழாது. காற்று உள்ளே போகாமல் நீர் வெளியே வராது. அந்த இரண்டு குழாய்களும் மூடியிருந்ததால் கிளைக்குள் காற்று போகவில்லை. அடியில் திருகு திறந்திருந்தும் நீர் நின்ற இடத்திலேயே நின்றது. போதாததற்கு, கிளை தரையில் தாழ்ந்து போய் மறுபடி ஏறியது. அந்தத் தாழ்வில் எப்படியும் கொஞ்சம் தங்கியிருக்கும்.

ஆன்டிஃப்ரீஸும் அதே காரணத்தால் அங்கே போகவில்லை. பம்ப் தள்ளும் திரவம் திறந்த வாயை நோக்கித்தான் ஓடும். முனை மூடிய கிளையின் வாசலைத் தொட்டுவிட்டு, அடுத்த திறந்த குழாய்க்குப் போய்விடும். உள்ளே நிற்கும் நீர் நீராகவே நிற்கும். நான்கு இடத்தில் நிறம் வந்தது ஐந்தாவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும். எங்கே பனிக்கட்டி ஆகிறதோ அங்கேதான் உடையும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல நேரம் அப்படி இல்லை. ஒரு புள்ளியில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளரும்போது, அதற்கும் மூடிய குழாய்க்கும் இடையில் சிக்கிய நீருக்குப் போக வழியில்லை. அதன் அழுத்தம் ஏறி, அந்தப் பகுதியில் பலவீனமான இடம் எதுவோ அது பிளக்கும். இந்த வண்டியில் தரையை ஒட்டிய எல்போவுக்கு எதிரே வெளிக்காற்று வரும் துளை ஒன்று இருந்தது. முதல் அடைப்பு அங்கே விழுந்து, ஷவர் குழாயின் உடல் அதன் விளைவாக வெடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. விரிசல்கள் இருந்த இடம் அதற்குப் பொருந்துகிறது.

வெளிநீர் இணைப்பு வாயும் அன்று விடுபட்ட ஒன்றுதான். அதன் ஒருவழி வால்வுக்குப் பின்னால் கொஞ்சம் நீர் நிற்கும். அது உடையாமல் தப்பியது. அதை வைத்து அதற்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று முடிவு செய்ய முடியாது.

பழுது பார்த்தபோது எடுத்த முடிவுகள்

வெளி ஷவரையே எடுத்துவிடலாமா என்று விவாதம் வந்தது. கணவர் எடுத்துவிடச் சொன்னார். நானும் அந்தப் பக்கமே சாய்ந்தேன். எடுப்பதாக இருந்தால் கிளையைப் பாதியில் வெட்டி முனையை அடைக்கக்கூடாது. அப்படிச் செய்தால் நீர் தேங்கும் முட்டுச்சந்து ஒன்று நிரந்தரமாகிவிடும். கிளை பிரியும் டீ இணைப்பு வரை போய் அங்கேயே மூட வேண்டும்.

மனைவி ஒப்பவில்லை. பிள்ளைகள் சேற்றுக் காலோடு வருகிறார்கள், அது இருப்பது தெரிந்திருந்தால் கோடையில் தினமும் பயன்படுத்தியிருப்போம் என்றார். அவர் சொன்ன இன்னொன்று என் மனதை மாற்றியது: தினமும் திறக்கும் குழாயைக் குளிர்காலத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். வைத்துக்கொண்டோம்.

புதிய ஷவர் குழாய்த் தொகுதி மாட்டினேன். எல்போவைத் திரும்பப் போடவில்லை. பெக்ஸ் குழாயையே வளைத்துக் கொண்டுபோனேன். அதன் வெளிவிட்டத்தைப் போல 8 மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைத்தால் மடங்காது. அரை அங்குலக் குழாய்க்கு அது சுமார் 127 மி.மீ. கிளை முழுவதையும் டீயை நோக்கிச் சரிவாக மாற்றினேன். தாழ்வு போனது. கட்டிலடிப் பெட்டியில் கைக்கு எட்டும்படி இரண்டு அடைப்பு வால்வுகளும் வைத்தேன், இன்னொரு முறை ஏதாவது நடந்தால் பயணத்தை நிறுத்தாமல் அந்தக் கிளையை மட்டும் மூடிக்கொள்ளலாம்.

தரைதான் நேரம் பிடித்தது. விரிப்பை எடுத்து, பலகையைத் திறந்தே வைத்து, மின்விசிறியை ஓடவிட்டோம். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடித்து உளுக்கும். ஈரமானியில் அதற்கு நன்றாகக் கீழே இறங்கும்வரை மூடவில்லை. இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனது. உப்பிய விளிம்பில் ஒரு துண்டை மட்டும் வெட்டி மாற்றினோம். அந்த வார இறுதிப் பயணமும் அதற்கடுத்ததும் போயின. பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய இழப்பு. என் கூலியை நான் வாங்கவில்லை. வாங்கிய பம்பை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த குளிர்காலம்

இரண்டாம் முறை கேன் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் குழாய் வழியை வரைந்தோம். கட்டிலடி, சின்க்கடி, சுவர்ப் பலகைகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஒவ்வொரு கிளையும் எங்கே முடிகிறது என்று தேடினோம். சின்க், பேசின், ஷவர், வெளி ஷவர் ஒவ்வொன்றிலும் வெந்நீர், குளிர்நீர் என இரண்டு, கழிப்பறை ஒன்று, அடி வடிகால் இரண்டு, வெளிநீர் இணைப்பு ஒன்று. மொத்தம் 12 வாய். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினார்கள். முதல் ஆண்டில் அவர்கள் ஆன்டிஃப்ரீஸ் ஓட்டியது ஏழில்.

வடித்த பிறகு 30 பி.எஸ்.ஐ. காற்றை விட்டு, எண் வரிசைப்படி ஒவ்வொரு வாயையும் திறந்து, சாரல் நின்று வெறும் காற்று வரும்வரை ஊதினோம். காற்று மட்டுமே போதும் என்பவர்கள் உண்டு. பம்பின் உள்ளேயும் வளைகுழாய்களிலும் நிற்பதைக் காற்று முழுக்க எடுக்காது என்பதால் நான் அதோடு நிறுத்துவதில்லை. ஆனால் முதலில் ஊதுவதால் பெரிய பயன் ஒன்று உண்டு. மிச்ச நீர் கலந்தால் ஆன்டிஃப்ரீஸ் நீர்த்துப்போகும். கேனில் போட்டிருக்கும் மைனஸ் 46 டிகிரி நீர்க்காத திரவத்துக்கானது. அதுவும் குழாய் வெடிக்காது என்பதற்கான அளவு. அந்தத் திரவமே அதற்கு வெகு முன்னால் கூழாகத் தொடங்கிவிடும். முதல் ஆண்டு "நிறம் தெரிந்ததும்" மூடினார்களே, அது வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்திருந்தால் அந்தக் குழாய்களும் உடைந்திருக்கலாம். இந்த முறை ஒவ்வொரு வாயிலும் வெள்ளைக் கோப்பையில் பிடித்து, கேனிலிருந்து ஊற்றிய இன்னொரு கோப்பையோடு ஒப்பிட்டோம். திரவத்தின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி என்னிடம் இருந்தது; அதில் ஒரு துளி வைத்தும் பார்த்தேன்.

7 லிட்டருக்குள் முடிந்தது. ஹீட்டரின் மூன்று வால்வுகளும் திருப்பியிருந்தன. மூன்றாவதன்மேல் மஞ்சள் துணி கட்டினார்கள். காலி ஹீட்டரின் மின் சுவிட்சை யாராவது தட்டினால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிடும் என்பதால் அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டினோம். வெளி ஷவரின் ரப்பர் குழலைக் கழற்றி உள்ளே எடுத்துவைத்தார்கள்.

வசந்தத்தில் தண்ணீர் நிரப்புவதற்கு முன் காற்றுச் சோதனை. 30-இல் நின்ற முள் பத்து நிமிடமும் அசையவில்லை. அதன் பிறகே தொட்டியை நிரப்பினார்கள். ஆன்டிஃப்ரீஸை அலசி வெளியேற்றிய பிறகு கிருமிநீக்கம்: வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் 57 லிட்டருக்கு 60 மி.லி. என்ற கணக்கில், இந்தத் தொட்டிக்குச் சுமார் 160 மி.லி. கலந்து, எல்லா வாயிலும் ஓடவிட்டு, ஓர் இரவு வைத்து, மறுநாள் வாடை போகும்வரை அலசினார்கள்.

நான் மாற்றிக்கொண்டவை

காற்றுச் சோதனையை முதல் வசந்தத்திலேயே செய்திருந்தால் குழாய் உடைந்ததைத் தடுத்திருக்க முடியாது, தரையைக் காப்பாற்றியிருக்கலாம். பத்து நிமிட வேலை அது. குளிர்காலம் முடிந்து என்னிடம் வரும் எந்த வண்டியிலும் இப்போது அதைச் செய்யாமல் தண்ணீரை விடுவதில்லை.

தொலைபேசியில் "எத்தனை லிட்டர் போதும்?" என்று யார் கேட்டாலும், வண்டியில் தண்ணீர் வெளியே வரும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், வெளியே போய் வண்டியைச் சுற்றி நடந்து, திறக்காத மூடி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அழைக்கச் சொல்கிறேன். சிலருக்கு இது எரிச்சல் தருகிறது. பலர் திரும்ப அழைக்கும்போது எண்ணிக்கை கூடியிருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் வரைபடம் இப்போது கட்டிலடிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளி ஷவருக்குப் புதிதாகச் செய்த சாவி அதன் பக்கத்துக் கொக்கியில் தொங்குகிறது.